விற்பவர் ஆசிரியராவாரா?

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டு வைத்தியர்களுக்குப் பரம்பரையலகுச் சோதனை பற்றிய அறிவைக் கொண்டுசேர்ப்பவர் ஆய்வுகூடத்தின் விற்பனைப் பிரதிநிதியே என்ற வாதம், தூரத்தைச் சரியாகக் கணித்து அறிவைப் பிழையாகக் கணிக்கிறது. 1978 முதல் மருத்துவ பீடம் இயங்கிவரும் ஊரில் அறிவூட்டும் பணியை விற்பனையாளரிடம் ஒப்படைக்க வேண்டிய தேவையே இல்லை.

எடுத்துக்காட்டாக, நஞ்சுக்கொடியிலிருந்து வெளியாகிக் கர்ப்பிணியின் குருதியில் கலந்திருக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டு கருவின் நிறமூர்த்தக் குறைபாட்டைத் தேடும் சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி நோயை உறுதிசெய்யாது. ஆயிரம் கருக்களில் ஒன்றுக்கு மட்டுமே உள்ள குறைபாட்டை, நலமான ஆயிரத்தில் ஒன்றை மட்டுமே பிழையாகச் சுட்டும் சோதனையால் தேடினாலும், ‘உண்டு’ என வரும் முடிவுகளில் ஏறத்தாழப் பாதி பொய்யாகும்; சோதனைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஊக்கத்தொகை பெறுபவர் இக்கணக்கை முதலில் சொல்வார் என எதிர்பார்ப்பது, அவர் எவ்வளவு நேர்மையானவராயினும், அவர்மீது தாங்கவியலாத சுமையை ஏற்றுவதாகும். மேலும், தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதிக்காத 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வாழும் குடும்பம், முடிவை அறிந்தபின் என்ன செய்யும் என்ற கேள்விக்கு விற்பனைக் கையேட்டில் இடமில்லை. சோதனைக்கு முன்னும் பின்னும் குடும்பத்தோடு அமர்ந்து பேசும் மரபியல் ஆலோசனையை யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் பல்கலைக்கழகமுமே ஏற்க வேண்டும்.