கல்யாணம் ஆனால் இனிஷியலும் மாற வேண்டுமா?

வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவனிடம் போவதற்காக உப்பூரில் காகிதம் சேர்க்கும் ஒரு பெண்ணின் பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல். பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரை நீக்கிப் புகுந்த வீட்டுக் கார்டில் சேர்த்தபோது ஒட்டிக்கொண்ட கணவர் பெயர். ஆதாரில், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பதைப் பொறுத்து, இரண்டில் ஒன்று. வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாத மொட்டைப் பெயர். இவ்வளவையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க உட்காரும்போது, பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, சர்நேம் என்ன போட?” யோசிக்காமல் சொல்லும் அந்தப் பதில்தான் பத்து வருடத்துக்கு அவர் பெயர். புகுந்த வீட்டு வழக்கப்படி கணவர் பெயரைச் சொல்லிவிடுவதில் தப்பென்ன என்று தோன்றலாம். தப்பு இருக்கிறது. கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற எந்தச் சட்டமும் கேட்கவில்லை. எந்த நாட்டு விசாவும் அதை எதிர்பார்க்கவில்லை. மாற்றுவதால்தான் சிக்கலே தொடங்குகிறது.

விமான நிலையத்தில் நடப்பதை முதலில் பார்க்கலாம். பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் உண்டு, வரிக்கு 44 எழுத்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தனது 9303ஆம் எண் ஆவணத்தில் வகுத்த வடிவம் அது. முதல் வரியில் நாட்டுக் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயர், பிறகு இரண்டு கோணக் குறிகள், அதன் பிறகு சொந்தப் பெயர். இயந்திரம் படிப்பது அந்த வரியை. விமான நிறுவனம் பயணிகள் பட்டியலாக முன்கூட்டியே எதிர் நாட்டுக்கு அனுப்புவதும் அதைத்தான். சரியான ஆவணம் இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கே அபராதம் என்பதால், கவுன்டரில் இருப்பவர் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். ரேஷன் கார்டையோ மதிப்பெண் சான்றையோ அவர் கேட்பதில்லை. ஆகவே பயணத்துக்கு உடனடி விதி எளிது: மற்றக் காகிதங்களில் என்ன இருந்தாலும், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே விசாவும் டிக்கெட்டும் எடுக்க வேண்டும். புதுமணத் தம்பதிக்கு ஆசையாகக் கணவர் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுக்கொடுக்கும் உறவினர்கள் கெடுக்கும் காரியம் பெரிது. ஆனால் இது பாதிக் கதைதான். விசா வாங்கும் இடத்தில்தான் மீதிக் கதை.

வளைகுடாவில் மனைவியை அழைத்துக்கொள்ள அடிப்படை ஆவணம் திருமணப் பதிவுச் சான்று. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அந்தச் சான்றில் மணமகள் பெயர் எப்படி இருக்கும்? கல்யாணம் முடியும் வரை அவர் அப்பாவின் இனிஷியலோடுதானே இருந்தார்? அதே பெயர்தான். பாஸ்போர்ட்டிலும் அதே பெயர் இருந்தால் இரண்டு காகிதமும் தாமாகவே கைகோத்துக்கொள்ளும். மாற்றிவிட்டால், ‘சான்றில் இருக்கும் பெண்ணும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெண்ணும் ஒருவரே’ என்று மூன்றாவதாக ஒரு காகிதம், நோட்டரி முன் பிரமாணப் பத்திரம், அதற்கொரு சான்றொப்பம், மொழிபெயர்ப்பு. படித்த பெண்ணாக இருந்தால் சிக்கல் இன்னும் நீளும். நர்ஸ் வேலைக்குப் போகிறவரின் பட்டயமும் கவுன்சில் பதிவும் அப்பா இனிஷியலில் இருக்கும். வேலை தரும் நாடு ஒவ்வொன்றையும் வழங்கிய இடத்திலேயே சரிபார்க்கும். குடியேற்ற அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கப் பத்தாம் வகுப்புச் சான்று போதும் என்பது விதி. அந்தச் சான்றும் அப்பா பெயரில்தான். பிள்ளை பிறந்ததும் பிறப்புச் சான்றிலும் பிள்ளையின் பாஸ்போர்ட்டிலும் தாயின் பெயர் ஏறுகிறது. அதன் பிறகு தாய் பெயரை மாற்றினால் பிள்ளையின் காகிதமும் பழசாகிப்போகும். ஆதாரில் பெயரைத் திருத்த ஆயுளுக்கு இரண்டு முறைதான் அனுமதி என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு ஒன்று, எழுத்துப்பிழைக்கு ஒன்று என்று கணக்கு முடிந்துவிடும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு: குடும்பம் ஒரே பெயரில் இருந்தால்தானே வெளிநாட்டில் நம்புவார்கள்? குடும்பப் பெயர் உள்ள சமூகத்தில் அது சரியான வாதம். நம்மிடம் குடும்பப் பெயரே கிடையாது. கருப்பையா மகன் முருகன், அவன் மனைவி செல்வி, மகன் கவின் என்று ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பெயரை ஏற்ற பிறகு செல்வியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் முருகன். கவினுக்கும் முருகன். முருகனுக்கு? கருப்பையா. தாயும் பிள்ளையும் ஒரு வீடு, தகப்பன் வேறு வீடு என்றுதான் குடியேற்ற அதிகாரியின் திரையில் தெரியும். அப்பா பெயரைக் கழற்றிக் கணவர் பெயரை மாட்டியும் ஒற்றுமை வந்தபாடில்லை. ஒரு ஆணின் சொந்தப் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு ஆணின் சொந்தப் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, இங்கிருந்து அதிகம் பேர் போகிற அரபு நாடுகளில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன், பாட்டன் பெயரோடே இருப்பதுதான் மரபு. மனைவியின் பெயர் கணவர் பெயரோடு ஒட்டாமல் இருப்பது அந்த நாட்டு அதிகாரிக்குச் சாதாரண விஷயம். நாமாகத்தான் வெள்ளைக்காரன் வழக்கத்தை அரபு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

அந்த அதிகாரிக்குச் சிக்கல் வந்தது வேறு இடத்தில். பெயரை இரண்டு கட்டத்தில் நிரப்பாமல் ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியபோது, தமிழ்ப் பெயர்கள் பலவும் அதில் அடிபட்டன. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவது நமக்கு இயல்பு. அமெரிக்க விசாவிலோ அப்படிப்பட்டவர்களுக்கு ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமாக ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகிவிடும். அமீரகம் சில நாட்களில் விளக்கம் தந்தது: பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் அதை ஏற்றுக்கொள்வோம் என்று. இந்தக் கடைசிப் பக்கத்தை அச்சிடுவதையே நிறுத்தப்போவதாக நம் வெளியுறவு அமைச்சகம் 2018 ஜனவரியில் அறிவித்து, அதே மாதக் கடைசியில் பின்வாங்கியிருந்தது. பின்வாங்கியது நல்லதாயிற்று. ஏனென்றால் நம் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளில் தகப்பன், தாய், கணவன் அல்லது மனைவி பெயர்களுக்கு இடம் அங்கேதான். உறவைச் சொல்லத் தனிக் கட்டம் இருக்கும்போது அதைப் பெயருக்குள் திணிக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது? வாக்காளர் அட்டையும் அப்படித்தான்: பெயர் ஒரு வரி, தந்தை அல்லது கணவர் பெயர் மறு வரி.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த புதிய விதிகள் விண்ணப்பத்துக்குத் திருமணச் சான்று கட்டாயம் என்பதை எடுத்துவிட்டன. பிரிந்து வாழ்பவர்கள், மணமுறிவு பெற்றவர்கள் துணைவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் ஆயிற்று. கல்யாணத்துக்காகவோ மணமுறிவுக்காகவோ பெண்கள் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற வேண்டாம் என்று 2017 ஏப்ரலில் பிரதமரே பேசினார். ஆனாலும் அலுவலக மேசைகள் விதிகளின் வேகத்துக்கு நகர்வதில்லை. மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் கணவரின் கையெழுத்தைக் கேட்டது. 2025 ஜூனில் அந்த வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், மனைவிக்குப் பாஸ்போர்ட் பெறக் கணவனின் அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டார். பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்புவதோ இன்னும் கடினம். மணமுறிவு ஆவணமோ கணவரின் தடையில்லாச் சான்றோ வேண்டும் என்ற மத்திய அரசின் அறிவிக்கையை எதிர்த்து 2024இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. போகும்போது திறந்திருந்த கதவு, திரும்பும்போது கணவர் கையில் சாவியோடு நிற்கிறது.

பிரான்ஸ் இதை இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவிதமாகத் தீர்த்துவிட்டது. 1794ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்புப் பதிவில் உள்ள பெயரே ஒருவரின் சட்டப்பூர்வப் பெயர். கணவர் பெயரைப் புழக்கப் பெயராக வைத்துக்கொள்ளலாம், பாஸ்போர்ட்டில் அதுவும் தனியாகப் பதிவாகும். கனடாவின் கியூபெக் மாநிலம் 1981 முதல் பெண்கள் பிறந்த பெயரிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. விரும்பி மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பறிப்பதும் ஒரு வகை நாட்டாமைதான். எதிர்க் கோடியில் ஜப்பான்: தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர் அங்கே சட்டக் கட்டாயம். அதனால் பழைய பெயரைப் பாஸ்போர்ட்டில் அடைப்புக் குறிக்குள் போட்டுத் தருகிறார்கள். ஆனால் இயந்திரம் படிக்கும் வரியில் அது இல்லை என்பதால் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லியே ஓய வேண்டியிருக்கிறது.

அப்பா பெயரும் ஆண் பெயர்தானே, அதைக் காப்பாற்ற ஏன் இவ்வளவு வாதம் என்று பெண்ணிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயம். அம்மாவின் பெயரையே இனிஷியலாக வைத்தாலும் என் வாதம் மாறாது. முதலில் எழுதியது எதுவோ அது கடைசி வரை இருக்கட்டும் என்பதே அது. இதைவிடக் கனமான மறுப்பு வயதானவர்களிடமிருந்து வருகிறது. மகளின் பிரசவத்துக்கு உதவச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ கிளம்பும் அறுபது வயது அம்மாவுக்குப் பிறப்புச் சான்று கிடையாது, பள்ளிச் சான்றும் கிடையாது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பட்டா எல்லாமே கணவர் பெயரில். அவரைப் போய் ‘பிறந்த வீட்டுப் பெயருக்கு மாறுங்கள்’ என்று சொல்வது கொடுமை. அவர் விஷயத்தில் நாற்பது வருடமாக ஊறிப்போன பெயர்தான் அவர் பெயர். அதையே எல்லாக் காகிதத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொண்டுவந்தால் போதும். ‘லட்சுமி’யை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதைச் சரிசெய்வதற்கே அவருக்கு ஒரு மாதம் ஓடிவிடும்.

இனி கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்குத் தீர்வு பாஸ்போர்ட் அலுவலகத்தில் இல்லை; அதற்கு வெகுமுன்பே, சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. திருமணப் பதிவுப் படிவத்தில் மணமகன், மணமகள் இருவருக்குமே ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘திருமணத்துக்குப் பிறகு பெயர்: மாற்றமில்லை’ அல்லது ‘இன்னதென மாற்றம்’. சான்றிதழிலேயே அது தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிவிட்டால், மாற்றிக்கொண்டவருக்கும் நோட்டரியும் அரசிதழ் விளம்பரமும் வேண்டாம். மாற்றாதவரிடம் ரேஷன் கார்டுப் பிரிவு தானாகக் கணவர் இனிஷியலைப் போடவும் முடியாது. உப்பூர் வெயிலுகந்த விநாயகருக்கு ஆண்டுதோறும் சதுர்த்தியையொட்டிச் சித்தி, புத்தியோடு திருக்கல்யாணம் நடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு சித்தியின் பெயரையோ புத்தியின் பெயரையோ யாரும் திருத்தி எழுதியதில்லை.