களஞ்சியத்தை மறந்த கோட்டை

செஞ்சிக்குச் செல்வோர் மதிலைக் காண்கிறார்கள், கொத்தளத்தைக் காண்கிறார்கள், ராஜகிரியின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். ஆனால் அங்கே நிற்கும் நெற்களஞ்சியத்தின் முன் நின்று சிந்திப்போர் எத்தனை பேர்? 1690இல் சூழ்ந்த மொகலாயப் படைக்கு, 1698இல்தான் கோட்டை விழுந்தது. உள்ளே உண்ண ஒரு பிடி இல்லையெனில், அந்த மதில் என்ன செய்திருக்கும்? வயிற்றைக் காவாதவன் கோட்டையைக் காப்பதெங்ஙனம்?

அன்றைய பகைவன் வெளியே நின்றான். இன்றைய பகைவனோ, வட்டிலிலேயே வந்து அமர்ந்துவிட்டான்!

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது: தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகையுற்றோர். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வோ, நூற்றுக்குப் பதினால்வர் நீரிழிவுற்றோர் என்கிறது. ஒரு வீட்டில் தாய்க்கு இரத்தமில்லை; தந்தைக்கு இரத்தத்திலே சர்க்கரை!

"தலைவிதி" என்கிறார் ஒருவர். "நாவடக்கமில்லை" என்கிறார் இன்னொருவர். "பாதாம் உண்க, பழம் உண்க" என்று, நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வரும் தாய்க்கு உபதேசம் செய்கிறார் மூன்றாமவர். உபதேசம் இலவசம்; பழம் இலவசமா, தோழர்களே?

விதியல்ல இது, உணவின் விளைவு. ஜாவாத் தீவிலே, தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் கால் முடங்கி வீழ்ந்ததைக் கண்டார் எய்க்மன். தவிடு கலந்த அரிசியை உண்ட கோழிகளோ நிமிர்ந்து நின்றன. அந்த ஆராய்ச்சிக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலே மக்காரிசன், இந்நாட்டின் பற்பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்றவை கொழுகொழுவென வளர்ந்தன; சோற்றையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவைத் தின்றவை நலிந்தன. அரிசி குற்றவாளியன்று, அரிசி மட்டுமே என்னும் வறுமைதான் குற்றவாளி!

இரத்தசோகைக்குக் கொக்கிப்புழுவும் காரணம். மருந்து வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் கீரையும் பருப்பும் முட்டையும் காணாத வட்டிலை, மாத்திரை எத்தனை நாள் ஈடுகட்டும்?

செஞ்சியைச் சுற்றி மல்லாட்டை விளைகிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் தரும் பயிர்! விளைவித்தவன் மூட்டையை விற்றுவிட்டு, பங்கீட்டுக் கடையில் பாமாயில் வாங்கி வருகிறான். பாமாயிலிலே ஏறக்குறையப் பாதி, நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலே அதில் பாதிகூட இல்லை. கடல் கடந்து வருவது அடுப்பிலே. காலடியில் விளைவது சந்தையிலே! இது என்ன நீதி?

அரசால் இயலுமா என ஐயுறுவோர் வரலாற்றைப் புரட்டட்டும். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், தியாகராயர் காலத்தில் பிள்ளைகளுக்கு உணவிட்டார்கள். 1956இல் காமராசர் மதிய உணவைப் பரப்பினார். 1982இல் அது சத்துணவாயிற்று. 1989இல் முட்டை வந்தது. 2022இல் காலைச் சிற்றுண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் "பணமேது?" என்ற கேள்வி எழுந்தது, ஒவ்வொரு முறையும் பிள்ளையின் பசியே வென்றது!

பள்ளி வாயிலில் வென்ற நியாயம், பங்கீட்டுக் கடை வாயிலில் தோற்கலாமா? 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்கு ஈடாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கிற்று. மலைக்கும் மேட்டுக்கும் பொருந்தியது மாநிலம் முழுமைக்கும் பொருந்தாதா? கேழ்வரகும் பருப்பும் கடலை எண்ணெயும் அரிசியோடு வரட்டும். விளைவிப்போனிடமே அரசு கொள்முதல் செய்யட்டும்.

பிச்சையன்று, உரிமை கேட்கிறோம். கோட்டை கட்டிய மன்னர்கள் களஞ்சியத்தை மறக்கவில்லை. மக்கள் கட்டிய ஆட்சி மறக்கலாமா?