நிறம் போயிற்று, உப்பு நின்றது

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்தில், பல ஆண்டுகளுக்கு முன், பெரியவர் ஒருவர் தம் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு என்னிடம் நீட்டினார். சாயத்தண்ணீரால் கெட்ட கிணறு என்று கேள்விப்பட்டுத்தான் போயிருந்தேன். சிவப்போ நீலமோ கலந்திருக்கும் என்று நினைத்தேன். தண்ணீரோ பளிங்குபோல் இருந்தது.

"பாத்தா ஒண்ணுந் தெரியாதுங்க. வாயில வெச்சுப் பாருங்க" என்றார்.

வைத்தேன். விழுங்க முடியவில்லை. அவருடைய மாடுகளும் அந்தத் தண்ணீரில் வாய் வைப்பதில்லையாம். சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "தம்பி எந்த ஊருங்க?" என்று கேட்டார். திருப்பூர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோயமுத்தூர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பொய்யை இங்கே திருத்துகிறேன். திருப்பூர்க்காரன் நான். பனியன் கம்பெனி போட்ட சோற்றில் வளர்ந்தவன். ஆகவே இனி 'நான்' என்று எழுதாமல் 'நாங்கள்' என்றே எழுதுவது முறை. முதலாளி, டெய்லர், சாயப்பட்டறைக்காரர், நூல் வியாபாரி, வட்டிக்கு விட்டவர், செய்தி எழுதியவர், ஓட்டுக் கேட்டவர், ஓட்டுப் போட்டவர் எல்லோரும் அந்தச் சொல்லுக்குள் வருவோம்.

எங்கள் ஊர் வளர்ந்த கதையை நாங்கள் சலிக்காமல் சொல்வோம். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் வந்ததிலிருந்து தொடங்குவோம். உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் உலகத்துக்கு டி-ஷர்ட் தைக்கத் தொடங்கியது. 1985 வாக்கில் ஆண்டுக்கு 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி, 2024-25-ல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்து நின்றது. கடலை விதைத்துக்கொண்டிருந்த குடியானவரின் மகன் நான்கு தையல் மெஷின் போட்டு பவர்டேபிள் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஜெர்மனியிலிருந்து நிட்டிங் மெஷின் இறக்கினார். இந்தக் கதையில் பொய் எதுவும் இல்லை. எங்கள் உழைப்பும் துணிச்சலும் உண்மை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. மீதிப் பாதி ஆற்றோடு கீழே போயிற்று.

வெள்ளை பனியனுக்குச் சலவைப்பட்டறை போதும். வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் நிறம் வேண்டியிருந்தது. பருத்தியில் நன்றாக ஏறி, துவைத்தாலும் போகாமல் நிற்க ரியாக்டிவ் சாயம் வந்தது. இந்தச் சாயமும் பருத்தி இழையும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை இழையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க உப்பு வேண்டும். கருப்பு, கருநீலம் போன்ற அடர்நிறமென்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்புகூடப் போகும். வேலை முடிந்ததும் அந்த உப்பில் ஒரு துளிகூடத் துணியில் தங்குவதில்லை. அலசிய தண்ணீரோடு முழுவதும் வெளியே வந்துவிடும். துணி கப்பலேறிப் போயிற்று. உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கியது.

புகார் கிளம்பியதும் நாங்கள் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினோம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் கலந்தால் சாயம் கசடாக அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அதிகாரி வந்து பார்த்தார், தெளிவாக இருந்தது. பையர் வந்து பார்த்தார், தெளிவாக இருந்தது. நாங்களும் பார்த்து நிம்மதி அடைந்தோம். கரைந்த உப்பைச் சுண்ணாம்பு தொடாது என்பது சாயப்பட்டறை நடத்திய ஒவ்வொருவருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த குற்றத்தைத் துடைத்துவிட்டு, தெரியாததை ஆற்றில் விட்டோம். எங்கள் ஊரின் மற்ற தவறுகளுக்கும் இதே அச்சுதான்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் சின்ன ஆறு நொய்யல். அணைக்கட்டுகளாலும் குளங்களாலும் அதன் மழைநீரைத் தேக்கி நூற்றாண்டுகளாகப் பயிர் செய்தவர்கள் எங்கள் முன்னோர். அதன் கரையிலிருக்கும் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பச்சைக்கல்லும் சூதுபவளமும் மணிகளாகின. மேலைக் கடற்கரைக்கும் கருவூருக்கும் இடையே சென்ற வணிகப் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போயிற்று. உலகத்தோடு வாணிபம் செய்வது நொய்யலுக்குப் புதிதில்லை. ஆற்றைக் கொல்லாமல் செய்ய முடியும் என்று காட்டிய ஊர் எங்கள் காலடியிலேயே இருந்தது.

அந்தக் கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் வந்தது. சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டிய அணை. ஆனால் அதில் தேங்கியது எங்கள் பட்டறைகளின் கழிவு. அணையைத் திறந்துவிடு என்றுதான் விவசாயி எங்கும் போராடுவார். இங்கே திறக்காதே என்று போராடினார். திறந்தால் வயல் உப்பாகும். தேக்கி வைத்தால் கிணறு உப்பாகும். அப்படி ஓர் இக்கட்டில் அவர்களை நிறுத்தியவர்கள் நாங்கள். அவர்களுடைய தென்னை பட்டுப்போன அதே ஆண்டுகளில் எங்கள் அவிநாசி சாலையில் கட்டடங்கள் உயர்ந்தன.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலைக்கு வரவேண்டும் என்று கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009-ல் அந்தக் கடமையை உறுதி செய்தது. அப்போதும் நாங்கள் அவகாசம் கேட்டோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி, மின்சாரத்தைத் துண்டிக்கச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. 'விவசாயிகள் தொழிலை அழிக்கிறார்கள்' என்று அன்று டீக்கடையில் பேசிய பேச்சு எங்கள் வாயிலிருந்து வந்ததுதான். சாயமிடும் வேலை நின்றுவிடவும் இல்லை. சட்டத்தின் கண் படாத வேறு ஊர்களுக்கு, வேறு ஆறுகளின் கரைக்குத் துணியை லாரியில் ஏற்றி அனுப்பினோம்.

அதன் பிறகுதான் எதிர் சவ்வூடு பரவல் முறையும் ஆவியாக்கிகளும் ஒழுங்காக ஓடத் தொடங்கின. அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீரை மீட்டுப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன, உப்பையும் பிரித்தெடுக்கின்றன. இது உண்மையான சாதனை. இதற்காகச் செலவழித்தவர்களும் தூக்கம் கெட்டவர்களும் எங்களில் உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கண்காட்சிகளில் 'பசுமைத் திருப்பூர்' என்று பலகை வைக்கும்போது, அந்தப் பசுமை எங்களுக்குத் தானாக உதித்த ஞானம் என்பதுபோல் பேசுகிறோம். பட்டுப்போன தென்னையின் அடியிலிருந்து எழுந்துபோய் வழக்குப் போட்டவர்களின் பெயர் அந்தப் பலகையில் இல்லை. மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் கிடப்பதும் அதில் இல்லை. மழை நாளில் நொய்யலில் இன்னும் நுரை எழுகிறது. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறோம், பிறகு வேலைக்குப் போய்விடுகிறோம்.

மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான் நடந்துகொண்டோம். தொண்ணூறுகளில் என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் திடீரென்று பள்ளிக்கு வராமல் போனார்கள். பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போய்விட்டார்கள் என்று வாத்தியார் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டு நடந்தார். பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பெரும்பாலும் நாங்களாக நிறுத்தவில்லை. கடல் கடந்த கடைகளில் கேள்வி எழுந்த பிறகு நிறுத்தினோம். ஆடிட் வரும் நாளில் கம்பெனியில் தீயணைப்புக் கருவி பளபளக்கும், முதலுதவிப் பெட்டியில் புதுப் பஞ்சு இருக்கும், கழிவறையில் சோப்பு இருக்கும். ஆர்டர் நெருக்கினால் அந்தக் கம்பெனியிலிருந்தே துணி இரவோடிரவாகச் சந்துக்குள் இருக்கும் பவர்டேபிளுக்குப் போகும். அங்கே ஆடிட்டர் வரமாட்டார். எட்டு மணி நேர வேலை இந்த ஊரின் பேச்சில் எப்போதோ 'ஒன்றரை ஷிப்ட்' ஆகிவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லாமலிருக்க ஒரு சொல்லையே கண்டுபிடித்திருக்கிறோம். வெரோனா வந்த ஆண்டு எங்களுக்கு மனப்பாடம். பஞ்சப்படிக்காக 1984-ல் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னதில்லை.

இன்று அந்த மெஷின்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான், பத்தடிக்குப் பத்தடி அறையில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று எங்களில் பலர் முதல்முறையாக எட்டிப் பார்த்தோம். 2023 மார்ச்சில் இன்னொரு பாடம். வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் செல்பேசிகளில் பரவின. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தாய்மார்கள் அழுதுகொண்டு கூப்பிட்டார்கள். பையன்கள் பெட்டியோடு ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். பொய்யைப் பரப்பியவர்கள் குற்றவாளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் எங்களோடு இருந்த பையனுக்கு அந்த இரவில் நம்பிப் போய்க் கேட்க ஒரு திருப்பூர் வீடு தெரிந்திருக்கவில்லையே, அது யார் குற்றம்? அவன் வேகம் எங்களுக்குத் தெரியும், ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் முடிப்பான் என்று தெரியும். அவனுடைய தெரு, அவனுடைய திருவிழா, அவன் பிள்ளை எந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தது. எங்கோ ஒரு மேசையில் போட்ட கையெழுத்துக்கு எங்கள் ஊரில் மெஷின்கள் நின்றன. அப்போது நாங்கள் பட்ட ஆற்றாமை இருக்கிறதே, நம்மைக் கேட்காமல் நம் வாழ்க்கையை யாரோ தீர்மானிக்கிறார்கள் என்ற அந்த எரிச்சல், அது எனக்குப் பழகியதாகத் தோன்றியது. யோசித்தபோது புரிந்தது. ஒரத்துப்பாளையத்துக்காரர்கள் எங்களைப் பார்த்து இருபது வருடம் பட்டது அதுதான். மேலே இருப்பவன் தன் கணக்கைப் பார்த்து மடையைத் திறப்பான். கீழே இருப்பவன் வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். உலகச் சந்தையில் நாங்கள் கீழ்மடை. நொய்யலில் நாங்கள் மேல்மடை. கீழ்மடையின் வலியை உரக்கச் சொல்ல உரிமை வேண்டுமென்றால், மேல்மடையின் பொறுப்பை முதலில் ஏற்க வேண்டும்.

எங்கள் காஸ்டிங் தாளில் நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பைசா வரை எழுதுவோம். ஆற்றுக்கு ஒரு வரி அதில் வேண்டும். சந்துக்குள் தைப்பவரின் மிகை நேரத்துக்கு ஒரு வரி வேண்டும். அந்த விலைக்கு ஒத்துக்கொள்ளாத பையரிடம் சேர்ந்து நின்று முடியாது என்று சொல்ல வேண்டும். ஒருவர் மறுத்த ஆர்டரை அடுத்த தெருக்காரர் குறைத்து வாங்கும் வழக்கத்தை விட வேண்டும். முடியாத காரியம் இல்லை. இதே ஊரில் நஞ்சராயன் குளத்தைப் பறவைகளுக்கென்று விட்டுவைத்தோம். 2024-ல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. விட்டுவைத்தால் வருகிறது.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேடை, மாலை, பத்திரிகைச் செய்தி எதுவும் இல்லாமல், ஆற்றோடு கீழே போய், அந்தத் தோட்டங்களின் வாசலில் நிற்க வேண்டும். எனக்குச் சொம்பு நீட்டியவர் இன்று இருக்கிறாரோ இல்லையோ. அவர் பிள்ளைகள் இருப்பார்கள். எந்த ஊர் என்று கேட்பார்கள். இந்தமுறை திருப்பூர் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவர்கள் தரும் தண்ணீரை வாங்கி வாயில் வைத்துப் பார்க்க வேண்டும்.