எடைக்குப் போட்ட அண்டா

வெங்காயம் எடுத்து முடிச்ச கையோட, போன மாசம் குடும்பத்தோட கீழடி அருங்காட்சியகம் போயிட்டு வந்தோம். உப்பிலியபுரத்துலேருந்து மதுரை தாண்டிப் போகணும். விடிகாலையில கிளம்பினோம்.

திருச்சியில ராணி மங்கம்மாள் மண்டபத்துல இருக்குற அருங்காட்சியகத்தைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். அங்க மனசுல நின்னது கற்சிலைகள்தான். 2023 மார்ச்சுல திறந்த இந்தக் கீழடி வேற மாதிரி. நூல் நூற்ற தக்களி, பகடைக்காய், பாசிமணி, கறுப்பு சிவப்புப் பானை. எல்லாம் நம்ம மாதிரி ஆளுங்க புழங்கின சாமான். தோண்டினதும் தென்னந்தோப்புலதான். கிடைச்சதுல பழசு, 2,600 வருஷத்துக்கு முந்தியதுன்னு கணக்கு சொல்றாங்க.

பானை ஓட்டுல 'ஆதன்'னு தமிழியில ஒரு பேர் கீறியிருக்கு. அதைக் கேட்டதும் என் மக, "அப்பாயி அண்டாவுல பேர் வெட்டியிருந்துச்சே, அது மாதிரியாப்பா?"ன்னா. எனக்குப் பதில் வரல.

அம்மாவுக்குச் சீரா வந்த பித்தளை அண்டா அது. பேரும் வருஷமும் வெட்டியிருக்கும். மூணு வருஷம் முன்னாடி கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சப்ப, பாத்திரக்கடையில எடைக்குப் போட்டுட்டேன். பேருக்குன்னு யாரும் விலை போடல. அம்மா அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. அதான் இன்னும் உறுத்துது.

கீழடியில கிடைச்சது வெறும் ஓடுதான். எந்தக் குழியில, எவ்வளவு ஆழத்துல, எது கூட கிடந்துச்சுன்னு எழுதி வச்சாங்க பாருங்க, அதனாலதான் அது வரலாறாச்சு. டவுன்லேருந்து வர்றவங்க மரக்கால், உரல், கமலைச் சால்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க. அழகுக்கு வைக்கிறது தப்பில்ல. ஆனா யாரோடது, எந்த ஊரு, எதுக்குப் புழங்குனதுன்னு கேக்காம எடுத்துட்டுப் போனா, மரக்கால் வெறும் பூந்தொட்டிதான்.

காசில்லாதப்ப சாமானை விக்காதேன்னு யாருக்கும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து, நாலு வரி எழுதி வைக்கலாம்ல? நான் செஞ்சிருக்கலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்கள்ல, பரண்ல என்ன கிடக்குன்னு பாருங்க. பெரியவங்களை உக்கார வச்சுக் கேளுங்க. எங்க வீட்ல ஒரு படி மிச்சம் இருக்கு. அதோட கதையை அம்மா சொல்லச் சொல்ல, நேத்து ராத்திரி மக நோட்டுல எழுதினா.