புத்தகப் பேனையும் பதிவேட்டில் ஏற்றுவோம்

புகைமூட்டம் முடிந்து உறையைப் பிரிக்கும் அன்று அட்டி சுத்தமாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்து, அதே மூட்டைகளின் தையலோரத்தில் சாம்பல் தூவியதுபோல் ஏதோ நகரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடல், இறக்கை இல்லை, பின்தொடை மட்டும் பருத்திருக்கும். லிப்போசெலிஸ் பேரினத்துப் புத்தகப் பேன் அது. அரிசி வண்டுக்கும் மாவு வண்டுக்கும் பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு. இதைப் பெரும்பாலும் 'மற்றவை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த வழக்கத்தை இனியாவது விட வேண்டும்.

பூஞ்சணம் தின்னும் பூச்சிதானே என்பார்கள். பூஞ்சணத்தோடு குருணை, தவிடு, மணியின் முளைக்கரு எல்லாவற்றையும் தின்னும். லிப்போசெலிஸ் பாஸ்ட்ரிகோபைலா இனத்தில் இனம் பெருக ஆணே தேவையில்லை. தப்பியது ஒன்றே ஒன்று என்றாலும் போதும்.

தப்புவது பெரும்பாலும் முட்டை. புகைமூட்டும் பாஸ்பீன் வாயு பட்டால் இதன் முட்டை வளர்ச்சி மந்தப்பட்டு, பொரிக்கும் நாள் தள்ளிப்போகிறது என்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். செறிவு கூடக் கூடத் தாமதமும் கூடுகிறது. உறையை எடுத்த பிறகு குஞ்சு வெளியே வருகிறது. அதனால் மாத்திரையை அள்ளிப் போட்டு அவசரமாக முடிப்பதில் பயனில்லை. மிதமான செறிவில், வாயு நிற்கும் நாள்களைக் கூட்ட வேண்டும். உறையின் ஓரத்தை அழுத்தும் மணல் பைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இடைவெளி விட்டுக் கிடந்தால் எத்தனை நாள் மூடியும் வீண்தான்.

மருந்தைவிட ஈரம் பெரிய விஷயம். இந்தப் பூச்சி காற்றிலுள்ள ஈரத்தையே வாயுறுப்பால் உறிஞ்சி உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உடல் வற்றிச் சாகும். 14 சதவீத ஈரமுள்ள நெல்லின் இடுக்குக் காற்றிலோ ஈரப்பதம் 70-க்குக் குறையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரக் கிடங்கை 60-க்கு இறக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் மழைநாளில் கதவைச் சாத்துவதும், வறண்ட வெயிலில் திறந்துவிடுவதும், சுவரை ஒட்டி அட்டி போடாமல் இருப்பதும் நம் கையில் இருக்கின்றன.

பேனை எண்ண, அட்டைப்பெட்டியின் நெளி அட்டையை உள்ளங்கை அளவு வெட்டி அட்டியின் உச்சியிலும் அடியிலும் வையுங்கள். நெளிவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வாரம் ஒருமுறை வெள்ளைத் தாளில் தட்டி எண்ணி, ஈரப்பதமானியின் அளவோடு சேர்த்துக் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.