200-ம் 200-ம் சமமா?

இந்தக் கேள்வியை ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டால் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் சென்ற மாதம் ஒரு கம்ப்யூட்டர், "சமமில்லை" என்று சாதித்துவிட்டது!

எங்கள் எதிர் வீட்டுப் பெண் ஜாவா மொழியில் புரோகிராம் எழுதுகிறவள். கிடங்கிலுள்ள மூட்டைகளும் கணக்கிலுள்ள மூட்டைகளும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு புரோகிராம் எழுதினாள். 10, 50, 100 என்று போட்டுப் பார்த்தாள், எல்லாம் சரி. அசல் கணக்கில் 200 மூட்டை வந்ததும், "பொருந்தவில்லை" என்று சொல்லிவிட்டது யந்திரம். பாவம், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்மேல் எல்லோருக்கும் சந்தேகம்!

நடந்தது என்ன தெரியுமா? ஜாவாவில் எண்ணை வெறுமனேயும் வைக்கலாம். 'இன்டிஜர்' என்னும் டப்பாவில் போட்டும் வைக்கலாம். 2004-ல் வந்த 5-ஆம் பதிப்பு முதல், டப்பாவில் போடும் வேலையை ஜாவா தானே செய்துவிடுகிறது. நம் கண்ணில் படுவதில்லை. இரண்டு டப்பாக்களுக்கு நடுவில் இரட்டைச் சமக்குறி போட்டால், அது உள்ளே இருப்பதைப் பார்க்காது. "இரண்டும் ஒரே டப்பாவா?" என்று மட்டுமே பார்க்கும். உங்கள் அலமாரியில் கால் கிலோ சர்க்கரை போட்ட டப்பாக்கள் இரண்டு இருந்தால், சர்க்கரை சமம், டப்பா வேறுதானே?

அப்படியானால் 100 எப்படித் தேறியது? அங்கேதான் வேடிக்கை! மைனஸ் 128 முதல் 127 வரை உள்ள எண்களுக்கு ஜாவா முன்கூட்டியே டப்பா தயாராக வைத்திருக்கிறது. 100 வேண்டுமென்று எத்தனை தடவை கேட்டாலும் அதே டப்பாவை எடுத்து நீட்டும். அதற்கு மேற்பட்ட எண்களுக்குச் சாதாரணமாக ஒவ்வொரு தடவையும் புது டப்பா!

பரிகாரம் சுலபம். இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக 'ஈக்வல்ஸ்' என்று கேட்க வேண்டும். அது மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும். ஆனால் கேட்கப்படும் டப்பாவே இல்லாமல் போனால் புரோகிராம் நின்றுவிடும். அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினாள். பிறகு நேரே கிடங்குக்குப் போய், "மன்னிச்சுக்கோங்க மாமா, தப்பு என்னோடதுதான்" என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

உங்கள் மகளோ மருமகளோ இந்த வேலையில் இருக்கிறாளா? இன்று இரவு சாதம் பரிமாறும்போது, "127-க்கு மேலே போட்டுப் பார்த்தியாடி?" என்று கேட்டு வையுங்கள். ரசம் ஆறுவதுகூடத் தெரியாமல் உங்களையே பார்ப்பாள்!