சாட்டையின் நுனியில் ஒரு மிதிவண்டி

கடந்த கோடையில், கனடாவின் வடக்கு வான்கூவரில் உள்ள மகள் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். வீட்டிலிருந்து பார்த்தால் சீமோர் மலை தெரியும். அதன் காட்டுக்குள் வேர்களும் பாறைகளும் மரப்பாலங்களுமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவது அந்தப் பகுதி மக்களுக்கு ஏறக்குறைய ஒரு வழிபாடு. என் மருமகனும் அவர்களுள் ஒருவர். ஒரு ஞாயிறு மாலை அவர் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் கரத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல்.

அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. முதலில் வாங்கியவருக்கு ஆயுள்கால உத்தரவாதம் உண்டு என்றார். நிறுவனத்துக்குப் படங்களுடன் எழுதினார். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நிறுவனம் திவால் நடைமுறையில் இருப்பதால் புதிய உத்தரவாதக் கோரிக்கைகளை ஏற்க இயலாது என்று அதில் கண்டிருந்தது. கீழே நான் பெயர் குறிப்பிடும் நிறுவனங்களுள் அது ஒன்றன்று. பெயர் இங்கே முக்கியமும் அன்று.

அந்த வண்டியை அவர் 2021-இல் ஒன்பது மாதங்கள் காத்திருந்து, ஏறத்தாழ 8,000 கனடா டாலர் கொடுத்து வாங்கினார். அதே தரத்து வண்டி இப்போது உள்ளூர்க் கடையில் பாதி விலைக்குச் சற்று மேல் தொங்குகிறது, வாங்க ஆளில்லை. நான்கே ஆண்டுகளில் பஞ்சம் எப்படிப் பெருவெள்ளமானது? அந்த வெள்ளத்தில் பொருளைச் செய்தவர்களே எப்படி மூழ்கினார்கள்? பொருளியல் கற்பித்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சில சொற்கள். 1970-களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய தடித்த சக்கர மிதிவண்டிகளில் இறங்கி விளையாடியதில் பிறந்தது மலை மிதிவண்டி. இன்றைய வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி அதிர்வுத்தாங்கிகள் உண்டு. கரடுமுரடான சரிவுகளில் வேகமாக இறங்குவதற்கான ரகங்களில் சக்கரம் 15 சென்டிமீட்டர் அளவுக்கு மேலெழுந்து மீள முடியும். இத்தனைக்கும் மொத்த எடை 14 கிலோ அளவில் நிற்கக் காரணம், கார்பன் இழையால் ஆன சட்டகம்.

கார்பன் சட்டகம் இயந்திரம் துப்பும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது கைவேலை. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாள்களை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டின் இழை எந்தத் திசையில் ஓடவேண்டும் என்ற வரைபடத்தைப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தொழிலாளர்கள் கையால் அடுக்குகிறார்கள். பிறகு அச்சில் இட்டு, அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுக்குகிறார்கள். அடுக்கிய திசைகளில் அதற்கு அபார வலிமை. எதிர்பாராத திசையிலிருந்து கூரான பாறை மோதினால் விரிசல். அலுமினியத்தைப் போல உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது.

இந்தக் கைவேலையின் பெரும்பகுதி தைவானிலும் சீனாவிலும் வியட்நாமிலும் நடக்கிறது. தைவானின் தைசுங் நகரைச் சுற்றியுள்ள பகுதிதான் உயர்விலை மிதிவண்டிகளின் தலைநகரம். 1972-இல் அங்கே தொடங்கப்பட்ட ஜயன்ட் நிறுவனம், தன் பெயரில் வண்டி விற்பதோடு பிற நிறுவனங்களுக்கும் செய்து கொடுத்து வளர்ந்தது. 1980-இல் சிகாகோவில் ஷ்வின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த அமெரிக்க நிறுவனம் உற்பத்தியை ஜயன்ட் பக்கம் திருப்பியது. ஜயன்ட் உயர்ந்தது, ஷ்வின் 1992-இல் திவாலானது. அன்று தொடங்கிய பிரிவினை இன்று முழுமை பெற்றுவிட்டது. சட்டகத்தில் ஒட்டியிருக்கும் பெயர் ஒருவருடையது, அதைச் செய்த கை இன்னொருவருடையது. உத்தரவாதம் தருபவரிடம் பெரும்பாலும் ஆலை இல்லை; ஆலை வைத்திருப்பவர் வாங்குபவருக்கு எந்த வாக்கும் தரவில்லை.

இந்த நீண்ட சங்கிலியின்மீதுதான் 2020-இல் பெருந்தொற்று வந்து விழுந்தது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடின, மக்கள் பேருந்தில் ஏற அஞ்சினார்கள், திறந்தவெளி மட்டுமே மிஞ்சியது. மேற்கு நாடுகளில் மிதிவண்டிக்குத் திடீர்த் தேவை எழுந்தது. ஆலைகளோ முடங்கிக் கிடந்தன. கப்பல் பெட்டகக் கட்டணம் பன்மடங்கானது. கியர், பிரேக் உறுப்புகளை உலகுக்கே அளிக்கும் ஜப்பானின் ஷிமானோவிடம் சில பொருள்களுக்கான காத்திருப்பு ஓராண்டையும் தாண்டியது.

இதன் பின்னர் நடந்ததற்குப் பொருளியலிலும் மேலாண்மையிலும் ஒரு பெயர் உண்டு: சாட்டை விளைவு. கைப்பிடியில் மணிக்கட்டைச் சற்றே அசைத்தால் போதும், சாட்டையின் நுனி காற்றைக் கிழிக்கும். வாங்குவோரிடம் ஏற்படும் சிறு மாற்றம், கடை, மொத்த வணிகர், ஆலை என்று சங்கிலியில் மேலே போகப்போகப் பெரிதாகிவிடுவதே இதன் சாரம். ஜே பாரஸ்டர் 1961-இல் தம் நூலில் இதன் இயக்கத்தை விளக்கினார். 1997-இல் ஹாவ் லீயும் உடன் ஆய்வாளர்களும் காரணங்களைத் தொகுத்தார்கள். அவற்றுள் ஒன்று இங்கே முக்கியம். சரக்கு பற்றாக்குறையாகி, கேட்டதில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று தெரிந்தால், ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் கேட்கத் தொடங்குவார்கள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஒரு விளையாட்டை என் வகுப்புகளில் பல ஆண்டுகள் ஆடவைத்திருக்கிறேன். மூலத்தில் அது பீர் விற்பனை; நான் அரிசி மூட்டை என்று மாற்றிக்கொள்வேன். கடைக்காரர், மொத்த வணிகர், பகிர்மானர், ஆலை என நான்கு மாணவர்கள். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. சீட்டில் எண் எழுதி அனுப்பலாம். வாங்குவோரின் தேவை ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒருமுறை, வாரம் நான்கிலிருந்து எட்டாக மாறும். அவ்வளவுதான். ஆனாலும் ஆலைக்குப் போகும் சீட்டில் ஐம்பது, அறுபது என்று எண்கள் ஏறும். பிறகு வாரக்கணக்கில் பூஜ்யம். ஆட்டம் முடிந்ததும் நால்வரும் அடுத்தவரைக் குற்றம் சொல்வார்கள். உண்மைத் தேவையின் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டும்போது வகுப்பில் எழும் அமைதி இன்றும் நினைவிருக்கிறது.

2021-இல் மிதிவண்டித் தொழில் இந்த ஆட்டத்தைத்தான் உண்மைப் பணத்தோடு ஆடியது. நூறு வண்டி வேண்டிய கடை முந்நூறு கேட்டது. கடைகளின் எண்ணை நம்பிய நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கான உறுப்புகளை முன்பதிவு செய்தன. வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ வாங்கும் பொருளை எல்லாரும் ஒரே நேரத்தில் வாங்கிவிட்டால் அடுத்த ஆண்டு யார் வாங்குவார் என்ற எளிய கேள்வியைப் பலரும் கேட்கவில்லை. 2022-இன் பிற்பகுதியில், கேட்டதெல்லாம் ஒருசேர வந்து இறங்கின. அதே வேளையில் வட்டி விகிதமும் ஏறியது. கடன் வாங்கிக் குவித்த சரக்கு, கிடங்கில் நின்றபடியே வட்டியைத் தின்றது.

விளைவுகள் பதிவானவை. ஷிமானோவின் விற்பனை 2022-இல் சுமார் 62,900 கோடி யென். 2023-இல் சுமார் 47,400 கோடி யென். ஒரே ஆண்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சரிவு. 2023 அக்டோபரில் பிரிட்டனின் பெரிய இணைய விற்பனையாளர்களான விக்கிளும் செயின் ரியாக்‌ஷனும் நிர்வாகியின் கைக்குப் போயின. அதே ஆண்டு நவம்பரில் கோனா நிறுவனம் ஒரு வண்டி வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று அறிவித்தது. சேலைக் கடையில் கேட்ட அறிவிப்பு, பல்லாயிரம் டாலர் மலை வண்டிக்கு வந்துவிட்டது. மறு ஆண்டு அது விற்பனைக்கு வைக்கப்பட்டு, தொடங்கியவர்களே அதைத் திரும்ப வாங்கினார்கள். 1979-இல் தொடங்கிய ஜிடி, 2024 டிசம்பரில் புதிய வண்டிகளை வெளியிடுவதை நிறுத்துவதாகக் கூறியது. கடைகளே இல்லாமல் இணையத்தில் நேரடியாக விற்றுப் புகழ்பெற்ற ஜெர்மனியின் ஒய்டி, 2025 ஜூலையில் திவால் நடைமுறைக்கு மனுச் செய்தது.

சந்தை தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று என் பழைய நண்பர்கள் சொல்லக்கூடும். அது ஓரளவு உண்மை. ஆனால் திருத்தத்தின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதே என் கேள்வி. தவறாகக் கணித்தவர்கள் மட்டும் கொடுத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சாட்டையின் நுனியில் இருப்பவர் ஆலைத் தொழிலாளி. ஆணைகள் குவியும்போது மிகைநேர வேலை. ஆணைகள் வற்றும்போது வேலையே இல்லை. தைவான் ஆலைகளில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் பலர், முகவருக்குக் கட்டணம் செலுத்தக் கடன்பட்டு வந்தவர்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை, தைவானில் ஜயன்ட் தயாரித்த மிதிவண்டிகளையும் உறுப்புகளையும் துறைமுகத்தில் நிறுத்திவைக்க ஆணையிட்டது. கடன் கொத்தடிமை, ஊதியம் நிறுத்திவைத்தல், மிதமிஞ்சிய வேலைநேரம் உள்ளிட்ட கட்டாய உழைப்பின் அறிகுறிகளை அத்துறை சுட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. புதிய பணியாளர்களின் சேர்ப்புக் கட்டணத்தை அவ்வாண்டு முதல் தானே ஏற்பதாகவும் தெரிவித்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், கடன்பட்டு வந்தவர் வேலை குறையும்போது ஊர் திரும்பவும் முடியாது என்பது தெளிவு. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறுமுனையில் இருப்பவர் வாங்கியவர். ஆயுள்கால உத்தரவாதம் என்ற தொடரில் யாருடைய ஆயுள் என்று நாம் கேட்பதில்லை. கணக்கியல்படி அது நிறுவனத்தின் எதிர்காலக் கடன். விற்கும் நாளிலேயே அதற்கான விலையை நம்மிடம் வாங்கிவிடுகிறார்கள். திவாலான பின்னரோ, பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கி முதலில் நிற்கும். விரிசல் விட்ட சட்டகத்தோடு நிற்பவர் பிணையற்ற கடனீந்தோர் வரிசையின் கடைசியில். ஒவ்வொரு நிறுவனமும் தன் வண்டிக்கு மட்டும் பொருந்தும் வடிவில் பின்பகுதியை அமைப்பதால், பிற நிறுவன உறுப்பு பொருந்தாது. நிறுவனம் இறந்தால் வண்டியும் அனாதை.

மூன்று திருத்தங்கள் சாத்தியம். ஒன்று, ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட உத்தரவாதம் தரும் நிறுவனம், அதற்கான தொகையைத் தனிக் காப்பிலோ காப்பீட்டிலோ வைக்கவேண்டும்; திவால் வந்தாலும் வங்கி அதைத் தொடக்கூடாது. இதனால் விலை சற்று உயரும். வாக்கு உண்மையானால் அந்த உயர்வு நியாயமானது. இரண்டு, உறுப்புகளுக்குப் பொது அளவு. கியர் மாற்றியைச் சட்டகத்தோடு இணைக்கும் சிறு கொக்கி ஒரு காலத்தில் வண்டிக்கு வண்டி வேறுபட்டது. 2019-இல் ஸ்ராம் நிறுவனம் பொதுக் கொக்கி ஒன்றைக் கொண்டுவர, பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. மனம் இருந்தால் முடியும் என்பதற்கு அது சான்று. மூன்று, பழுதுபார்க்கும் உரிமை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய ஆணை 2026 ஜூலை 31 முதல் செயல்படவேண்டும். சலவை இயந்திரம், கைப்பேசி, மின்கல மிதிவண்டி போன்றவை அதன் பட்டியலில் உண்டு. கால்விசையால் ஓடும் வண்டி இல்லை.

பல லட்ச ரூபாய் பொழுதுபோக்கு வண்டிக்காக நாம் ஏன் கவலைப்படவேண்டும் என்று வாசகர் கேட்கலாம். கூரைமேல் சூரியத் தகடு பொருத்தும் நடுத்தரக் குடும்பத்துக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். மின் இருசக்கர வண்டியின் மின்கலத்துக்கும் நீண்டகால வாக்குத் தருகிறார்கள். அங்கேயும் மானியமும் திடீர்த் தேவையும் புதிய நிறுவனங்களும் குவிகின்றன, சங்கிலி அதேதான். அந்த நிறுவனங்களுள் எத்தனை 2050-இல் தொலைபேசியை எடுக்கும்? வாக்குக்குப் பின்னால் பணம் இருக்கிறதா என்று கேட்கும் சட்டத்தை, நெருக்கடி வருமுன் இயற்றுவதே மலிவு.

மருமகனின் வண்டிக்கு என்ன ஆயிற்று? கார்பன் சட்டகங்களைச் செப்பனிடும் சிறு பட்டறை ஒன்றைத் தேடிப் பிடித்தார். விரிசலைச் சுற்றித் தேய்த்து, புதிய இழைத் தாள்களைத் திசை பார்த்து ஒட்டி, மூன்று வாரத்தில் கொடுத்தார்கள். 700 டாலர் ஆயிற்று. வேலைக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்று கேட்டாராம். 'நான் இந்தக் கடையில் இருக்கும்வரை' என்றாராம் பட்டறைக்காரர்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் – ஓய்வு)